நீலக் காருக்காகக் குடித்த தேத்தண்ணீர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு என் கை பிடித்ததெல்லாம் ஸ்பேனர்தான். ஆகவே எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சின்ன ர வரவேண்டிய இடத்தில் பெரிய ற வந்திருக்கும், நீங்களே திருத்தி வாசியுங்கள். இந்த எழுதும் கொப்பியின் ஓரத்தில் கிறீஸ் பட்டிருப்பதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இதை எழுதக் காரணம் என் மனைவி. கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் அவள் இந்தக் கதையைச் சொல்லிவிடுவாள். சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு கோப்பை கூடும். போன மாதம் சொன்னபோது நான் மூன்று கோப்பைத் தேத்தண்ணீர் குடித்து ஒரு சீப்பு வாழைப்பழமும் சாப்பிட்டிருந்தேன். கார் பார்க்கப் போன வீட்டில் நான் குடித்தது ஒரே ஒரு கோப்பை. பழம் தொடவே இல்லை. வாயால் மறுக்க எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

உக்குவளையில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் எனக்குச் சின்ன கராஜ் இருக்கிறது; மெக்கானிக் என்பதால் எல்லாருக்கும் நான் பாஸ். ஓட்டோ, வேன், மரக்கறி ஏற்றும் லொறி என்றுதான் வேலை வரும். மாத்தளையில் இருக்கும் பல் டொக்டர் அம்மா ஒருவர் தன் சின்னக் காரை எட்டு வருஷமாக என்னிடம்தான் கொண்டுவருகிறார். யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பத்திரண்டு வயது. ஒருநாள் ஒயில் மாற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"பாஸ், எனக்கொரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வேணும். ட்ராக்கிலை ஓடுறதுக்கு."

நான் காருக்கு அடியிலேயே இருந்தேன்.

"பந்தயம் இல்லை. ஒரு நாளைக்குப் பந்தயப் பாதையை வாடகைக்கு எடுத்து அவரவர் தங்கடை காரை ஓடிப் பாக்கிறது. ஐம்பத்திரண்டு வயசு வரைக்கும் நாப்பது கிலோமீட்டர் வேகத்திலை ஓடினது போதும்."

வெளிநாட்டிலிருந்து கார் வராத காலம் அது. நாட்டுக்குள் இருப்பதில்தான் தேட வேண்டும். அவர் போனில் மூன்று காரைப் பார்த்து வைத்திருந்தார். வந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். தலையை ஆட்டினேன். காருக்கு அடியில் இருந்ததால் அது அவருக்குத் தெரியவில்லை. பிறகு எழுந்து வந்து மறுபடி ஆட்டினேன்.

பழைய காரை ட்ராக்குக்கு எடுப்பதில் என் கணக்கு ஒன்றுதான். எஞ்சினைத் திரும்பக் கட்டலாம். கியர்பொக்ஸ் தேடி எடுக்கலாம். பொடி, அதாவது காரின் உடல்தகடு, மட்டும் நேராகவும் துருவில்லாமலும் இருக்க வேண்டும். வேகமாக வளைக்கும்போது ஆளைக் காப்பது அதுதான். வேகம் குறைந்த, பாரம் குறைந்த, நல்ல பிரேக் உள்ள கார் போதும்.

இதையெல்லாம் கார்க்காரர் முன்னால் வாய் திறந்து சொல்ல என்னால் முடியாது. டொக்டருக்கும் அது தெரியும்.

"பல்லுப் பிடுங்க வாற ஆக்கள் வாய் நிறையப் பஞ்சை வைச்சுக்கொண்டும் உங்களைவிடக் கூடக் கதைப்பினம்," என்றார். "எங்கை போனாலும் தேத்தண்ணி தருவினம்தானே? கார் நல்லதெண்டால் குடியுங்கோ. சரியில்லையெண்டால் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. நான் விளங்கிக்கொள்ளுறன்."

கார் பார்க்கப் போகும் பாஸ்மார் எல்லாரும் இப்படி ஏதாவது ஒரு அடையாளம் வைத்துக்கொள்வோம். சிலர் தொப்பியைக் கழற்றுவார்கள், சிலர் சாவியைக் கொடுப்பார்கள். தேத்தண்ணீர் எனக்குப் புதிது. ஆனால் பேச வேண்டியதில்லை என்பதால் சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன்.

முதல் கார் கண்டியில். சிவப்பு, பின்னால் பெரிய இறக்கை. டிக்கி விரிப்பைத் தூக்கினால் தகடு சுருங்கிக் கிடந்தது. பின்னால் பலமாக அடிபட்ட கார். பிளேன்டி, பால் விடாத தேத்தண்ணீர், வந்தது. வயிறு சரியில்லை என்றேன். டொக்டர் உடனே எழும்பிவிட்டார். இரண்டாவது தம்புள்ளையில். எஞ்சின் இலக்கமும் காரின் பதிவுப் புத்தகத்தில் இருந்த இலக்கமும் வேறு. அங்கே வெயிலுக்குச் சோடா கொடுத்தார்கள். சோடா இந்தக் கணக்கில் சேருமா என்று டொக்டர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கடைசியில் மூடியைத் திறக்காமல் போத்தலை மேசையில் வைத்தேன். திரும்பி வரும் வழி முழுக்க அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

மூன்றாவதுதான் நீலக் கார். வஹகோட்டையில், கோயிலைத் தாண்டி ஒரு மிளகுத் தோட்டத்து வீட்டில். இரண்டே சீட். துணிக் கூரை, மடித்து வைக்கலாம். முப்பது வயதுக் கார். எஞ்சின் சத்தம் கேட்டதுமே எனக்குப் பிடித்துவிட்டது. தையல் மெஷின் மாதிரி ஓடியது. டொக்டர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்த விதத்தைப் பார்த்தேன். வாங்கியே விட்டார் என்று தோன்றியது.

நான் சுற்றிப் பார்த்தேன். கூரை மடியும் இடத்தில் இரண்டு பக்கமும் மழைத்தண்ணீர் இறங்க ஓட்டை இருக்கும். போத்தல் தண்ணீரை ஊற்றினேன். வலப்பக்கம் கீழே சொட்டியது. இடப்பக்கம் ஒரு துளியும் வரவில்லை. அடைத்திருந்தது. அப்படியென்றால் பல வருஷத் தண்ணீர் கதவுக்குக் கீழே இருக்கும் பெட்டித் தகட்டுக்குள் தேங்கியிருக்கும். சட்டைப்பையில் எப்போதும் ஒரு காந்தம் வைத்திருப்பேன், பழைய ஸ்பீக்கரில் கழற்றியது. வலப்பக்கம் வைத்தேன், ஒட்டியது. இடப்பக்கம் வைத்தேன், மண்ணில் விழுந்தது. மேலே பெயின்ட், அதற்குள் ஓட்டையை மூடப் பூசிய புட்டிப் பசை. தகடு போய்விட்டது. கூரையில்லாத காருக்கு அந்தப் பெட்டிதான் முதுகெலும்பு. காரை விற்ற அந்த வீட்டுப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கும்.

வேண்டாம் என்று முடிவெடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன். அப்போதுதான் அந்தப் பையனின் அப்பா வந்தார்.

பக்கவாதம் வந்து ஒரு கால் இழுக்கும் மனிதர். ஒரு கையில் ஊன்றுகோல். மறுகையில் தட்டு. தட்டில் ஒரே ஒரு கோப்பை, சோசருடன். வீட்டு வாசலிலிருந்து காருக்கு முப்பது அடி இருக்கும். மகன் ஓடிப்போய் வாங்கப் பார்த்தான். அவர் கோலால் அவனைத் தள்ளிவிட்டார். கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் கோப்பை ஆடியது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. என் முன்னால் வந்து நின்று, மூச்சு வாங்க, "பொன்ன பாஸுன்னெஹே, பொன்ன," என்றார். சிங்களத்தில் குடியுங்கள் பாஸ், குடியுங்கள் என்று அர்த்தம்.

நான் வாங்கிக் குடித்தேன். வேறென்ன செய்வது?

கோப்பையைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் டொக்டர் என்னைப் பார்ப்பதைக் கண்டேன். முகம் முழுக்கச் சிரிப்பு. கைப்பையைத் திறந்துகொண்டிருந்தார்.

காரை அன்றே வாங்கி, மாத்தளைக்கு வரும் வழியில் கூரையை மடித்துவிட்டு அவரே ஓட்டினார். "பாஸ், காத்தைப் பாத்தியளே!" என்று கத்தினார். நான் இடப்பக்கம் இருந்தேன். என் கதவுக்குக் கீழே புட்டி இருந்தது.

அந்தக் கிழமை ஏழு நாளும் வீட்டில் நிம்மதி இல்லை.

"சொல்லிட்டீங்களா?" என்றாள் மனைவி, தினமும் சோறு போடும்போது.

"நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்கு அந்தம்மா ரெண்டாப் பிளந்து போய் ரோட்டுல கெடப்பாங்க. அப்பச் சொல்லுங்க. ஒரு கோப்ப தேத்தண்ணிக்கு வாயத் தொறக்கத் தெரியுது, ஒரு பேச்சுக்குத் தெரியல."

யாருக்கும் தெரியாமல் நானே தகட்டை வெட்டி வெல்டிங்கில் ஒட்டிவிடலாமா என்றும் யோசித்தேன். செய்திருப்பேன். ஆனால் அந்தக் காரில் ஏறி வேகமாகப் போகப்போவது அவர். எது பழைய தகடு, எது நான் ஒட்டியது என்று அவருக்குத் தெரிய வேண்டும். சனிக்கிழமை போன் எடுத்து, "வாங்க டொக்டர்," என்று மட்டும் சொன்னேன்.

வந்தார். காந்தத்தை அவர் கையில் கொடுத்தேன். வலப்பக்கத்தைக் காட்டினேன். வைத்தார், ஒட்டியது. இடப்பக்கத்தைக் காட்டினேன். விழுந்தது. குனிந்து எடுத்தார். மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது.

"அண்டைக்கே தெரியுமோ?"

"தெரியுங்க."

"அப்ப ஏன் குடிச்சனீங்கள்?"

"அந்த ஐயா... கோல ஊனிகிட்டு... தட்டத் தூக்கிட்டு வந்தாருங்க டொக்டர்."

அவர் பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். "எனக்குக் கோவம் வருது பாஸ். கொஞ்சம் பொறுங்கோ. அது வந்திட்டுப் போகட்டும்," என்றார். நான் நின்றேன். ஒரு ரயில் போனது. பிறகு அவர் எழுந்து, காந்தம் விழுந்த இடத்தை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இது பல்லு மாதிரித்தான். உள்ளுக்கு ஊத்தையை விட்டிட்டு மேலாலை அடைச்சிருக்கினம். நல்ல இடம் வருமட்டும் குடைஞ்சு எடுக்கோணும். என்ன?"

"ஆமாங்க." இவ்வளவு சுலபமாக அவருக்கு விளங்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை பல் குத்திப் பார்க்கும் கொக்கி ஊசி ஒன்றைக் கொண்டுவந்து, காருக்கு அடியில் அட்டை விரித்துப் படுத்துவிட்டார். என் மனைவி கதவோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். காந்தம் ஒட்டிய இடத்திலேயே இரண்டு மெல்லிய ஓட்டையைக் கண்டுபிடித்தார். நான் விட்டுவிட்ட இடங்கள்.

"பாஸ், இதுக்குத் தேத்தண்ணி குடிச்சியளோ, இல்லையோ?"

வெட்டுவதற்கு முன்னால் கதவு இருக்கும் இடத்தில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து ஒட்டினேன். இல்லாவிட்டால் வெட்டிய உடனே கார் நடுவில் தொய்ந்துவிடும். வெளித்தகட்டை எடுத்தால், உள்தகடு வடிகட்டி மாதிரி இருந்தது. நல்ல இரும்பு வரும்வரை வெட்டினேன். புதுத் தகட்டை மடித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு ஏறாமல் ஒட்டினேன். உள்ளுக்குத் துருப்பிடிக்காத பெயின்ட், அதற்கு மேல் மெழுகு. குழாயை எடுத்த பிறகு கதவைச் சாத்தினேன். ஒரு விரலால் தள்ள மூடியது. அன்று என் மனைவி வைத்த மீன் குழம்பை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

மற்ற வேலைகள் எனக்கு விளையாட்டு மாதிரி. கவிழ்ந்தால் தலையைக் காக்கத் தடித்த இரும்பு வளையத்தைப் புதுத் தகட்டோடு சேர்த்துப் பூட்டினேன். தண்ணீர்க் குழாய்களெல்லாம் மாற்றினேன். சூடு தாங்கும் பிரேக் ஒயிலும் புதுப் பிரேக் கட்டைகளும் போட்டேன். பற்றரியை அசையாமல் கட்டினேன். டொக்டர் கொஞ்சம் அகலமான டயரும் ரிம்மும் தேடி எடுத்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து ஏதாவது ஒரு நட்டைக் கழற்றுவார், நான் இறுக்குவேன். எட்டு வருஷத்தில் பேசாததை அந்த நாலு மாதத்தில் பேசியிருப்போம். முக்கால்வாசி அவர்தான் பேசினார்.

ட்ராக் குருநாகலுக்கு அப்பால், தென்னந்தோப்புகளுக்கு நடுவே. காலையில் காரைப் பரிசோதிப்பவர் வந்து ஜக்கை நேராக இடப்பக்கத்துப் பெட்டித் தகட்டில் வைத்துத் தூக்கினார். நான் வேறு பக்கம் பார்த்தேன். கார் ஒரு சத்தமும் இல்லாமல் எழும்பியது.

டொக்டர் முதல் தடவை போய்ப் பத்து நிமிஷம் ஓடினார். எல்லாரும் அவரைத் தாண்டிப் போனார்கள். திரும்பி வந்து ஹெல்மட்டைக் கழற்றினார். முகம் வேர்த்துச் சிவந்து, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி இருந்தார். "ஒருத்தரையும் முந்தேல்லை பாஸ். அடுத்த தரம் அந்த வெள்ளைக் காரைப் பிடிக்கிறன்!"

பிளாஸ்கைத் திறந்து ஒரு கோப்பை ஊற்றி பொனட்டின் மேல் வைத்தார். "போகலாமோ? பாத்துச் சொல்லுங்கோ. சரியெண்டால் குடியுங்கோ."

பக்கத்துக் கார்ப் பையன்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த சுற்றுக்கு வரிசையில் வரச்சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். நான் சுற்றி வந்தேன். சக்கர நட்டெல்லாம் இறுக்கமாக இருந்தன. ஒயில் ஒழுகவில்லை. ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பி, முன் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டேன். பிரேக் ரப்பர் குழாயில் ஒரு இடம் வழுவழுவென்று இருந்தது. அகல டயர் உரசியிருக்கிறது. கராஜில் காரை ஜக்கில் தூக்கி வைத்துத் திருப்பிப் பார்த்தேன், தரையில் பாரத்தோடு திருப்பிப் பார்க்கவில்லை. என் பிழைதான். இன்னொரு பத்து நிமிஷம் ஓடினால் குழாய் அறுந்தாலும் அறும்.

டொக்டர் ஹெல்மட்டைப் போட்டு வாரைக் கட்டிவிட்டார். கண் மட்டும் தெரிந்தது. கோப்பையில் ஆவி பறந்தது.

"வேணாங்க டொக்டர்," என்றேன்.

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. பையன்கள் திரும்பினார்கள். ஒருவன் சிங்களத்தில், "பாஸுக்கு சீனி போதாது போல," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் கோப்பையைத் தொடவில்லை.

டொக்டர் வாரைக் கழற்றினார், இறங்கினார், ஹெல்மட்டைச் சீட்டில் வைத்தார். "என்ன ஸ்பேனர் வேணும்?" என்றார்.

குழாய் தேய்ந்த பக்கத்துக்கு வேறு குழாய் கொண்டுவந்திருந்தேன். மாற்றி, இரண்டு பக்கமும் டயர் எட்டாதபடி பட்டி போட்டுப் பின்னால் இழுத்துக் கட்டி, குழாய்க்குள் இருக்கும் காற்றை எடுக்க அவர் பிரேக் பெடலை மிதிக்க, நான் கீழே கிடந்தேன். அந்தச் சுற்று முடிந்துவிட்டது. அதற்கு அடுத்ததும் பாதி போய்விட்டது. இந்தத் தடவை காரைத் தரையில் இறக்கி, அவரை உள்ளே உட்காரவைத்து, இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தேன். எங்கேயும் உரசவில்லை.

பிறகு பொனட்டிலிருந்து கோப்பையை எடுத்தேன். ஆறிப்போய் மேலே ஆடை படிந்திருந்தது. நின்ற இடத்திலேயே கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

டொக்டர் எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். வெள்ளைக் காரை அன்று அவர் பிடிக்கவில்லை. பச்சைக் கார் ஒன்றைப் பிடித்தார்.

குடித்தது வஹகோட்டையில் ஒன்று, ட்ராக்கில் ஒன்று. மொத்தம் இரண்டு கோப்பை. மனைவி இதை வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

2024 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை.