திவானோடு ஒரு பந்தி

பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் தொழிலில் பாடம் சொல்வது கடைசி வேலை. பிள்ளைகளை வீட்டிலிருந்து கிளப்பிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து சேர்ப்பதுதான் முதல் வேலை. என்னைப் போல இதில் மாட்டிக்கொண்ட சகோதரிகளுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பாளையங்கோட்டைக் கல்லூரியில் எஃப்.ஏ. படிப்பை முடித்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்னப் பெண் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியையாக வந்தேன். வந்த அன்றே, அங்கே என்னைவிட முக்கியமான ஒருவர் இருப்பது தெரிந்துவிட்டது. பெயர் திவான். சாம்பல் நிறத்தில் ஒரு கிழட்டுக் குதிரை. திரை போட்ட வண்டியை இழுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றி வருவது அதுதான். தெருவில் நடந்து வரப் பெண்பிள்ளைகளை அனுப்புகிற வீடு அங்கே ஒன்றுகூடக் கிடையாது. வண்டி வந்தால் பள்ளிக்கூடம் உண்டு, வராவிட்டால் இல்லை.

அந்த வருஷம் பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்து சில நாளில் திவான் சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டது. மூன்று நடை போகவேண்டிய வண்டி ஒரு நடையோடு நின்றது. தை மாதக் கடைசியில், பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் துரைசானி வருவதாகக் கடிதம் வந்திருந்தது. அன்றைக்குப் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிட வேண்டியதுதான் என்று கமிட்டியார் சொல்லிவிட்டார்கள்.

தெருவுக்கு ஒரு பக்குவம்

வண்டிக்காரர் காசிம் ராவுத்தர் போகிற இடமெல்லாம் குறையைச் சொல்லி வைத்தார். மறுநாளிலிருந்து பிள்ளைகளின் கையில் சிலேட்டோடு பாத்திரமும் வந்தது. மாட வீதியிலிருந்து நெய் மிதக்கும் அக்காரவடிசல், நெசவாளர் தெருவிலிருந்து கேப்பைக் கூழ், பள்ளிவாசல் தெருவிலிருந்து வாழைப்பழம். யாரோ கொள்ளில் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு அனுப்பியிருந்தார்கள். திவான் கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி ஒவ்வொன்றையும் மோந்து பார்த்தது. கருப்பட்டியை மட்டும் நாலு நக்கு நக்கியது. மற்றதையெல்லாம் மூன்றாம் வகுப்பு முடித்து வைத்தது.

கூழ்ப்பானையைத் திருப்பி வாங்கிப் போக நெசவாளர் தெரு அம்மாள் ஒருத்தி நேரிலேயே வந்தாள். குதிரைக் கொட்டடியில் நின்று திவானை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என்னிடம் ரகசியம் போலச் சொன்னாள்: "எங்க மாமியாளும் இப்பிடித்தாம்மா. எம்புட்டு ஆக்கி வச்சாலும் மோந்து பாத்துட்டு மொகத்தத் திருப்பிக்கிடுவாவ. வெளியாளு வந்தா மட்டும் எலும்புந்தோலுமா வாசல்ல வந்து நிப்பாவ."

அரம்

பொங்கல் கரும்பின் தோகை மிச்சம் இருந்தது. அதைக் கொடுத்துப் பார்த்தோம். திவான் வாயில் வாங்கிச் செத்த நேரம் மென்றது. பிறகு பாதி மென்றதை உருண்டையாகக் கீழே போட்டது. ராவுத்தர் அந்த உருண்டையைக் கையில் எடுத்துப் பார்த்து, "பல்லுல கோளாறு" என்றார். அன்றைக்கே மாட்டுவண்டி பிடித்து ராஜபாளையம் போய், லாடம் கட்டும் கன்னையாவை அழைத்து வந்தார். திவான் எங்களிடம் வருவதற்கு முன்னால் ராஜபாளையத்தில் ஒரு பெரிய வீட்டில் இருந்தது. அங்கே அதற்கு லாடம் கட்டியவர் இந்தக் கன்னையாதான்.

கன்னையா வந்ததும், "ஏமிரா திவானு", என்னடா திவான், என்று தெலுங்கில் கேட்டார். நானும் இங்கிலீஷ், தமிழ் இரண்டிலும் கெஞ்சியிருந்தேன். ஒன்றுக்கும் அசையாத காது உடனே நிமிர்ந்தது. அவர் அதன் நாக்கை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, கடைவாய்ப் பல்லில் முள்ளுமுள்ளாக நீண்டிருந்ததை அரத்தால் ராவினார். வேலை செய்துகொண்டே அந்த வீட்டுப் பெருமையைப் பேசினார். அங்கே ஐந்து குதிரைகள் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் தின்னுமாம். கைகழுவிக்கொண்டு கிளம்பும்போது சொன்னார்: "பல்லச் சரி பண்ணிட்டேன். இனியும் திங்கலன்னா மனசுலதான் என்னமோ இருக்கு. அதுக்கு எங்கிட்ட அரம் கெடையாது."

நோன்புக் கஞ்சி

பல் சரியாகியும் திவான் தின்னவில்லை. அப்போது ரமலான் மாதம். ராவுத்தர் நோன்பு வைத்திருந்தார். சாயங்காலம் பள்ளிவாசலில் நோன்பு திறப்பவர், ஒருநாள் குதிரையை விட்டுப்போக மனசில்லாமல் கஞ்சியைச் சின்னப் பானையில் வாங்கிக்கொண்டு கொட்டடிக்கே வந்துவிட்டார். நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேச வராத எனக்கு வேடிக்கை பார்ப்பது நன்றாக வரும். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். ராவுத்தர் கஞ்சியை உறிஞ்சினார். காலையிலிருந்து தொடாமல் கிடந்த கொள்ளில் திவான் முகத்தை வைத்தது. அவர் பானையைக் கீழே வைத்தபோது அதுவும் நிமிர்ந்தது. அவர் மறுபடி எடுத்தார், அதுவும் குனிந்தது.

எனக்குக் கன்னையா சொன்ன ஐந்து குதிரைகள் ஞாபகம் வந்தன. வெளியே ஓடி, "நோன்பு மாதம் பிறப்பதற்கு முன்னால் காலைச் சாப்பாட்டை எங்கே சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டேன். இந்தக் கொட்டடியில்தானாம், திவானுக்குக் கொள்ளு வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துதானாம். போன சித்திரையில் திவான் வந்ததிலிருந்து அதுதான் வழக்கம். இது அதற்கு வந்த முதல் ரமலான். ராவுத்தர் பானையையும் குதிரையையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்ப நோம்பு எனக்கு, பட்டினி இதுக்கா?" என்றார்.

முதுகு

காலை முதல் நடைக்கு முன்னால் யாராவது திவானோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ராவுத்தர், துரைசானி வருகிற ஒருநாள் மட்டும் நோன்பை விட்டுப் பிறகு பிடித்துக்கொள்ளலாமா என்று பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்கக் கிளம்பினார். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. உதவி ஆசிரியை ரெங்கம்மாள் மாட வீதிக்காரர். கொட்டடியில் சாப்பாடு என்று சொல்லத் தொடங்கும்போதே காதைப் பொத்திக்கொண்டார். மிச்சம் இருந்தது நான்.

சகோதரிகளே, நான் கல்லூரி விடுதியில் இரண்டு வருஷமும் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டவள். கொட்டடியோ தெருவைப் பார்த்தாற்போல் திறந்து கிடந்தது. போதாததற்கு, நோன்பு பிடித்தவர் முன்னால் எப்படி வாயில் வைப்பது? இட்லிப் பாத்திரத்தோடு போய், பழக்கதோஷத்தில் குதிரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் ஒரு விள்ளல் போட்டுக்கொண்டேன். பின்னால் மெல்லுகிற சத்தமே இல்லை. வண்டிச் சக்கரத்துக்கு மை போட்டுக்கொண்டிருந்த ராவுத்தர் தலையைத் திருப்பாமலே சொன்னார்: "அம்மா, எனக்குத்தான் நோம்பு, ஒங்களுக்கு இல்ல. நீங்க சாப்புடுதது அதுக்குத் தெரியாட்டா நீங்க சாப்பிட்டும் புண்ணியமில்ல. மொகத்தக் காட்டி உக்காருங்க."

கோதையின் தீர்ப்பு

திரும்பி உட்கார்ந்தேன். திவான் என் இட்லியைப் பார்த்தது, தன் கொள்ளைப் பார்த்தது, ஏமாற்றப்பட்டதாக முடிவு செய்தது. மறுநாள் அதன் கொள்ளிலேயே ஒரு கிண்ணம் எடுத்து, எனக்காக உப்பும் கடுகும் சேர்த்துத் தாளித்துக்கொண்டேன். ஒரு வாய் போட்டேன். அது ஒரு வாய் போட்டது. நான் வேகமாக மென்றால் அதுவும் வேகமாக மென்றது. வாரக் கடைசிக்குள், நடைக்கு ஒரு பந்தி என்று வண்டி இரண்டு நடை போயிற்று. என் ரவிக்கை இறுக்கத் தொடங்கியது.

முதல் நடையில் வரும் கோதைக்கு ஒன்பது வயது. அவள் அப்பா கோயிலில் மாலை கட்டும் கைங்கரியம் செய்பவர். ஒருநாள் வண்டியிலிருந்து இறங்கியதும் வகுப்புக்குப் போகாமல் தோழிகளோடு கொட்டடிக்கு வந்துவிட, இரண்டாம் வேளைக் கொள்ளில் நானும் திவானும் மும்முரமாக இருந்ததை அவள் பார்த்துவிட்டாள். நான் வெட்கத்தில் கிண்ணத்தை முந்தானையால் மூடினேன். அவள் கொஞ்சமும் ஆச்சரியப்படாமல், பக்கத்தில் நின்ற தோழிகளுக்கு விளக்கினாள்: "இதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்கு? ஆண்டாள் தான் சூடிண்டுதானே பெருமாளுக்கு மாலை குடுத்தா? டீச்சரம்மா தான் சாப்ட்டுக் குடுத்தாத்தான் இது வாங்கிக்கறது."

துரைசானி வந்த காலை

அந்த நாளும் வந்தது. விடிந்ததும் ஒரு பந்தி, முதல் நடை; பிறகு ஒரு பந்தி, இரண்டாம் நடை. கிழக்குத் தெருப் பிள்ளைகள் மட்டும் பாக்கி. மூன்றாம் பந்திக்கு நான் கொட்டடியில் உட்கார்ந்து, வாய் நிறையக் கொள்ளோடு இருந்தபோது, சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகத் துரைசானியின் வண்டி வாசலில் வந்து நின்றது. குடையை ஊன்றிக்கொண்டு அவர் நேரே கொட்டடிப் பக்கம் வந்தார். "இங்கே தலைமை ஆசிரியை யார்?" என்று புத்தகத் தமிழில் கேட்டார்.

எழுந்து வணக்கம் சொல்ல வேண்டும். நான் மெல்லுவதை நிறுத்தினேன். திவானும் நிறுத்தியது, தொட்டியிலிருந்து தலையைத் தூக்கியது. அதன் விலா எலும்பையும், ஓலை பிரிந்த கூரைக்கு அப்பால் கிழக்குத் தெருப் பக்கத்தையும் பார்த்தேன். என் வாழ்நாளில் நான் செய்த துணிச்சலான காரியம் அதுதான்: உட்கார்ந்தபடியே இன்னொரு பிடி கொள்ளை அள்ளி, துரைசானியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாயில் போட்டேன். திவான் குனிந்தது. ராவுத்தர் எனக்காக முன்னால் வந்து கைகட்டி நின்றார். "அவியதான் பெரிய டீச்சர், துரைசானி. அவிய கைய நிறுத்தினா குதிரை வாய நிறுத்திரும். குதிரை வாய நிறுத்தினா கிழக்குத் தெருப் பிள்ளைக வந்து சேராது" என்றார்.

துரைசானி என்னைப் பார்த்தார், திவானைப் பார்த்தார், இரண்டு பேரின் தாடையும் ஒரே தாளத்தில் அசைவதைக் கொஞ்ச நேரம் கவனித்தார். பிறகு தொப்பியைக் கழற்றி ராவுத்தரிடம் கொடுத்துவிட்டு, வைக்கோல் கட்டின் மேல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அப்படியானால் எனக்கும் ஓர் இலை போடுங்கள்" என்றார்.

அன்றைக்குக் கிழக்குத் தெரு வந்து சேர்ந்தது, பெஞ்சுகள் நிறைந்தன, பள்ளிக்கூடம் இன்றும் நடக்கிறது. ஆனால் ஒரு பள்ளிக்கூடம் நடத்த என்னென்ன வேண்டும் என்று கல்லூரியில் நான் எழுதி மனப்பாடம் செய்த நீளமான பட்டியலில், தலைமை ஆசிரியைக்குக் காலையில் மூன்று முறை பசிக்க வேண்டும் என்பது மட்டும் எங்கேயும் இல்லை.