வஹீதாவின் குவைத் பேச்சு

பாலக்கரை வஹீதா அரபு பேசக் கற்றுக்கொண்டது குவைத்தில் ஒரு வீட்டுச் சமையற்கட்டில். கணவர் இறந்தபின் மகள் சம்ரீனை அக்காவிடம் விட்டுவிட்டுப் போனவள், பதினோரு வருஷம் அங்கே இருந்தாள். பாதி பேச்சு அந்த வீட்டுக் குழந்தைகள் சொல்லிக்கொடுத்தது, மீதி அவர்கள் அம்மாவிடம் வாங்கிய திட்டு.

ஊருக்கு வந்து சம்ரீனுக்குக் கல்யாணம் முடித்து சென்னைக்கு அனுப்பியதும் வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. ஊரிலேயே, சென்னை போகும் பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு கால் சென்டரில் டீ போடும் வேலைக்குச் சேர்ந்தாள்.

அந்தக் கம்பெனி, குவைத்தில் ஏசி விற்கும் ஒரு நிறுவனத்துக்கு வரும் புகார் போன்களை எடுத்துப் பேசும் வேலையைப் பிடித்திருந்தது. ஆள்தான் கிடைக்கவில்லை. இங்கிலீஷ் பேசும் பிள்ளைகளே ஆறு மாதத்தில் பெங்களூருக்குக் கிளம்பிவிடும் ஊரில் அரபுக்கு எங்கே போவது? மதரஸாவில் படித்த இரண்டு பேர் வந்து புத்தக அரபு பேசினார்கள். மறுமுனையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டு போனை வைத்தார்கள். கடைசியில் மேனேஜர் பிராங்க்ளின் வெளிநாட்டிலிருந்து அரபு பேசும் நான்கு பேரை விசா எடுத்து வரவழைத்தார். நான்காம் மாதமே மூன்று பேர் துபாய்க்குப் போய்விட்டார்கள். தங்கியது சூடான்காரப் பெண் இஹ்சான் மட்டும். கார்ட்டூமில் அவள் வீடு சண்டையில் இடிந்துபோயிருந்தது.

கம்பெனி ஸ்ரீரங்கத்தில் எடுத்துக்கொடுத்த ஃபிளாட்டில் அவள் தனியாக இருந்தாள். மத்தியானம் டப்பாவைத் திறந்தால் பிரெட்டும் வாழைப்பழமும்தான். ஒருநாள் வஹீதா தன் சோற்றில் பாதியை அவள் தட்டில் வைத்து, "சாப்பிடும்மா, வெட்கப்படாதே" என்று அரபியில் சொன்னாள். ஸ்பூனைப் பிடித்தபடியே அந்தப் பெண் அழுதுவிட்டாள். அன்றிலிருந்து வஹீதா அவளுக்கு 'காலா'. சித்தி என்று அர்த்தம்.

மே மாதம் பிறந்தது. குவைத்தில் வெயில் ஏற ஏற இங்கே போன் ஓயவில்லை. ஒரு மத்தியானம் இஹ்சான் ஹெட்செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வஹீதாவிடம் ஓடி வந்தாள்.

"காலா, ஒரு பெரியம்மா கெட்ட வார்த்தையில திட்டறாங்க."

"என்ன சொன்னாங்க?"

இஹ்சான் காதோடு சொன்னாள். வஹீதா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடி பைத்தியமே, அது திட்டு இல்ல. உங்க ஊர் அரபியிலதான் அது கெட்ட வார்த்தை, குவைத்துல 'யிகுர்'னா ஒழுகுதுன்னு அர்த்தம். ஏசியில தண்ணி ஒழுகுதுங்கறாங்க, பாவம்."

லைன் இன்னும் காத்திருந்தது. வஹீதா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். "யும்மா, கார்ப்பெட் நனைஞ்சுடுச்சா? முதல்ல ஸ்விட்சை அணைங்க."

கத்திக்கொண்டிருந்த குரல் சட்டென்று நின்றது. பிறகு கேட்டது: "நீ யார் வீட்டு வேலைக்காரி?"

வஹீதா ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "முந்தி அங்க சால்மியா ஏரியாவுல ஒரு வீட்டுல இருந்தேன் யும்மா. இப்ப கம்பெனியில இருக்கேன்."

"அதான் பேச்சு நல்லா இருக்கு. ஆளைச் சீக்கிரம் அனுப்பு."

திரும்பினால் பிராங்க்ளின் நின்றுகொண்டிருந்தார். "அவங்க பேசட்டும் சார், நான் டைப் பண்றேன்" என்று இஹ்சான் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கெஞ்சினாள்.

பிராங்க்ளின் தலையைச் சொறிந்தார். "டிகிரி இல்லாம சீட்ல உட்கார வைக்கக் கூடாதுங்கறது கிளையன்ட் ரூல். எட்டாம் கிளாஸ் படிச்சவங்களை நான் என்னன்னு காட்டறது?"

"காட்டாதீங்க சார்," என்றாள் வஹீதா. "நாளைக்கு இதே மாதிரி நாற்பது பேர் கூப்பிடுவாங்க. அப்ப மட்டும் வந்து என்னைத் தேடாதீங்க."

சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டாள். வேலை போய்விடுமோ என்ற யோசனையில் ஒரே டம்ளரில் இரண்டு தரம் சர்க்கரை போட்டாள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கெல்லாம் அவரே வந்து தேடினார். இஹ்சான் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். ஒருத்தி பேச, ஒருத்தி தட்டச்சு செய்ய, கோடை முழுக்க ஓடியது. பதிவான பேச்சுகளைக் கேட்ட குவைத் நிறுவனம், இந்தக் குரல் தொடரட்டும் என்று எழுதியது. ஜூலையில் வஹீதா கைக்கு 'மொழி உதவியாளர்' என்று ஆர்டர் வந்தது. பிராங்க்ளின் படித்துக்காட்டியபோது, "இன்னொரு தடவை படிங்க சார்" என்றாள்.

இஹ்சானின் விசா இன்னும் ஒரு வருஷம் நீண்டது. ஸ்ரீரங்கம் ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டு அவள் பாலக்கரைக்கே, சம்ரீனின் மாடி அறைக்கு வந்துவிட்டாள். "என் ரூமை யாரைக் கேட்டும்மா குடுத்தீங்க?" என்று சம்ரீன் போனில் குதித்தாள். ரம்ஜானுக்கு நேரில் வந்தவள் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் இஹ்சான் கத்தரிக்காயை வறுத்து, வேர்க்கடலை அரைத்துப் போட்டு தன் ஊர்ப் பதார்த்தம் ஒன்று செய்தாள். சம்ரீன் இடியாப்பத்தோடு தொட்டுக்கொண்டு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். மூன்றாவது தரம் வஹீதாவே கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.