பல்லைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை

எங்கள் வீட்டில் பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவும் அம்மாவும் மன்னார்க் கடற்கரையில் வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்ததே அதிகம். அம்மாவின் தங்கையான சின்னம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆகவே சுவிஸின் லா ஷோ-து-ஃபோனில் எங்களுக்கு வந்த கடிதங்கள், மருந்துப் போத்தலில் எழுதியிருப்பவை, கடையின் மலிவு விற்பனை அறிவித்தல்கள் எல்லாம் என் வாய்வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தன. காதலும் அப்படித்தான் வந்தது.

எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் உடுப்புத் தோய்க்க ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். எங்களுடையது புதன்கிழமை. அன்று பள்ளிக்கூடம் மத்தியானத்தோடு முடிந்துவிடும் என்பதால், நானும் சின்னம்மாவோடு நிலத்தடி அறைக்கு இறங்குவேன். மேல்வீட்டு மதாம் ஒருவர், தான் வாசித்து முடித்த புத்தகங்களை யாரும் எடுக்கட்டும் என்று அங்கே ஒரு பெட்டியில் போட்டு வைப்பார். அட்டைகளெல்லாம் ஒரே மாதிரி: நீளச் சட்டைக்காரி ஒருத்தி, பின்னால் குதிரை வண்டி. இருநூறு வருடத்துக்கு முந்திய இங்கிலாந்து. பிரபுக்கள், விருந்துகள், நடனங்கள். ஒருநாள் சின்னம்மா ஒன்றை எடுத்து, இது என்ன கதை என்று கேட்டார். முதல் பக்கத்தைத் தமிழில் சொன்னேன். வடிவில்லாத ஒரு பெண். அவளை ஒருவரும் ஆடக் கூப்பிடுவதில்லை. சுவரோரக் கதிரையிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

சின்னம்மா ஈர உடுப்பைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"எவ்வளவு வடிவில்லை? எழுதியிருக்கோ?"

தேடிப் பார்த்தேன். மூக்கு நீளமாம். ஆள் மெலிவாம். வயதும் இருபத்தாறு ஆகிவிட்டதால் இனிக் கலியாணம் நடக்காதென்று எல்லோரும் கைவிட்டுவிட்டார்களாம்.

"பல்லு?"

"பல்லைப் பற்றி ஒண்டும் இல்லை, சின்னம்மா."

சின்னம்மாவுக்கு அப்போது முப்பத்திரண்டு. முன்பற்கள் உதட்டுக்கு வெளியே மிதந்திருக்கும். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் தரை துடைக்கும்போது இரண்டு கையும் துடைப்பானில் இருப்பதால், அங்கே தான் சிரிப்பதே இல்லை என்று ஒருமுறை சொன்னார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் வாசித்தோம். பெண்கள் மாறினார்கள். ஒருத்தி கண்ணாடி போட்டவள், ஒருத்திக்கு முகமெல்லாம் பழுப்புப் புள்ளி, ஒருத்தி தேவைக்கு மேல் உயரம். கதை மாறவில்லை. ஊர் சுற்றிக் களைத்த ஒரு துரை, மண்டபத்திலுள்ள வடிவான பெண்களையெல்லாம் விட்டுவிட்டுச் சுவரோரம் வருவான். அவள் பயப்படாமல் ஒரு பதில் சொல்லுவாள், அல்லது வாய்விட்டுச் சிரிப்பாள். அதோடு அவன் விழுந்துவிடுவான். முத்தம் வருகிற இடங்களை, பிறகு அவையள் கனநேரம் கதைச்சவை என்று சொல்லித் தாண்டிவிடுவேன். சின்னம்மாவும் மேற்கொண்டு கேட்கமாட்டார்.

மாசி மாதம் ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு லுசேர்ணில் ஹோட்டல் குசினியில் வேலை. எங்கள் வீட்டுச் சோபாவில் படுத்து, எங்கள் அலுமாரியின் கீழ்த்தட்டில் உடுப்பு வைத்திருந்த சின்னம்மாவுக்கு, பாஸ்காத் திருநாள் முடிந்த கையோடு தனி வீடு என்று அம்மா முடிவே கட்டியிருந்தார். படம் ஏற்கெனவே போயிருந்தது, வாய் மூடிய படம். இனி நேரில் பார்க்க வேண்டியதுதான். வீடு தேடி வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்றால் பெண்ணுக்கு அவமானம் என்று, ஊரில் திருநாள் அன்று மாதா கோயிலடியில் தற்செயலாகக் காண்பதுபோலக் காண்பார்கள். இங்கே அதற்கு ஃப்ரிபூர்க்கில் நடக்கும் தமிழ்ப் பூசை இருந்தது. தற்செயலாகச் சந்திப்பதற்காக ஞாயிறு விடியவே எழும்பி ரயில் ஏறினோம்.

"வாயைத் திறவாதை," என்றார் அம்மா. "கேட்டதுக்குத் தலையை ஆட்டு, காணும்."

சின்னம்மா தலையை ஆட்டினார். அம்மா கண்ணயர்ந்த பிறகு என் பக்கம் குனிந்து, அந்த நீள மூக்குக்காரி சிரித்தபோது துரை என்ன சொன்னவர் என்று மெதுவாகக் கேட்டார். ஒளிச்சு வைக்காமல் சிரிக்கிற ஒரு பொம்பிளையை இண்டைக்குத்தான் கண்டனான் எண்டவர், என்று சொன்னேன். சின்னம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பூசை முடிந்து, பக்கத்து மண்டபத்தில் தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுத்தார்கள். நடுவில் கதிரைகள் வெறுமையாகக் கிடக்க, சின்னம்மா சுவரோரம் போய் உட்கார்ந்தார். மாப்பிள்ளை தன் அக்காவோடு வந்தார். தலைமயிர் கொட்டத் தொடங்கியிருந்த கூச்சமான மனிதர். எந்தக் குதிரை வண்டியிலும் அவரை ஏற்றிப் பார்க்க என்னால் முடியவில்லை. வேலை எப்படி என்று அம்மா விசாரித்தார்.

"கிழங்கு உரிக்கிறதுதான், அக்கா, வேலை. இப்ப கனவிலயும் செஃப் ஒரு மூட்டையோட வந்து நிக்கிறான்."

சின்னம்மா சிரித்தார். கை மடியிலேயே இருந்தது, மேலே வரவில்லை. அந்தச் சிரிப்பை நான் முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான். மாப்பிள்ளையும் சேர்ந்து சிரித்தார், கொஞ்ச நேரம். அவருடைய அக்கா சிரிக்கவில்லை. மீன் வாங்க வந்தவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோலச் சின்னம்மாவின் வாயைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். மாப்பிள்ளை தன் தேத்தண்ணிக் கோப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினார்.

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. எல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே நடந்துகொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை டெலிபோன் வந்தது. மாப்பிள்ளைக்கு இப்போதைக்குக் கலியாண யோசனை இல்லையாம். ரிசீவரை வைத்துவிட்டு அம்மா கேட்டார்.

"ஆரடி உன்னைச் சிரிக்கச் சொன்னது?"

கிழங்கு உரிக்கிறவனுக்கு இவ்வளவு எடுப்போ என்று அப்பா டிவியைப் பார்த்துச் சொன்னார். சின்னம்மா எழுந்து போய் இரவுச் சாப்பாட்டுக்கு வெங்காயம் வெட்டினார். வழக்கத்தைவிட நிறைய வெட்டினார்.

மறுநாள் தோய்க்கும் நாள். நிலத்தடி யன்னலைப் பனி முழுதாக மூடியிருந்ததால் பகலிலேயே லைட்டைப் போட்டிருந்தோம். சின்னம்மா புத்தகம் கேட்கவில்லை, நானாகத்தான் எடுத்தேன். வீட்டில் வாசிக்கத் தெரிந்தவன் நான். ஆறுதல் சொல்வதும் என் பொறுப்பு என்று நினைத்தேன்.

"எல்லாக் கதையிலயும் அவர் நடுவில ஒருக்கால் விட்டிட்டுப் போறவர்தானே, சின்னம்மா. பிறகு மழைக்குள்ள குதிரையில திரும்பி வருவார்."

சின்னம்மா ஒரு சேர்ட்டை உதறிக் கொடியில் போட்டார். இன்னொன்றையும் உதறிப் போட்டார்.

"உந்தப் புத்தகங்களை எழுதுறது ஆம்பிளையளோ, பொம்பிளையளோ?"

அதுவரை நான் அதைக் கவனித்ததில்லை. கையிலிருந்ததன் அட்டையைப் பார்த்தேன். பெட்டியில் கிடந்த மற்றவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.

"எல்லாம் பொம்பிளையள்தான்."

"அதுதானே," என்றார் சின்னம்மா.

எழுதியவர்களைப் புகழ்கிறார் என்றுதான் நினைத்தேன். அடுத்த அத்தியாயத்தைத் திறந்து, முன்பைவிட உற்சாகமாக, உரத்த குரலில் வாசிக்கத் தொடங்கினேன்.