கொழும்புக்குக் கொண்டுபோனது

அண்ணை கலியாணம் செய்யவில்லை. ஆகவே இந்த நினைவு மலரில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பொருளியலில் இரண்டு தரம் பெயிலானவன் பொருளியல் பேராசிரியரைப் பற்றி எழுதுகிறேன். உறவினர்களும் நண்பர்களும் பொறுத்தருள்க.

அண்ணை உடுப்பிட்டியில் பிறந்தார். ஐயா வெங்காயத் தோட்டம் செய்தவர். சண்டைக்காலத்து இரண்டு இடப்பெயர்வுகளிலும் அண்ணையின் புத்தகப் பெட்டியைச் சைக்கிளில் கட்டி உழக்கியவன் நான். படிப்பு எனக்குக் காலில்தான் ஏறியது.

பேராசிரியரான பிறகும் அவருக்கு ஒரே விஷயந்தான்: ஒரு நோய்க்கு உண்மையில் என்ன செலவாகிறது? விடியவே கிளினிக் வரிசையில் சனத்தோடு சனமாக இருந்து, பஸ் காசையும் கூட வந்தவர் இழந்த நாட்கூலியையும் விசாரிப்பார். தாதிமார் அவரையும் நோயாளி என்று நினைத்துப் பிரஷர் பார்த்திருக்கிறார்கள். இனித் தேறமாட்டார்கள் என்று தெரிந்த நோயாளிகளையும் கடைசி நேரத்தில் கொழும்புத் தனியார் ஆசுபத்திரிக்கு ஏற்றுகிறோமே, அது செத்தவீட்டில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லத்தான் என்று எழுதினார். அதைத் தட்டச்சு செய்தவன் நான். வாசித்தேன் என்று சொல்லமாட்டேன்.

போன வருடம் அண்ணையே ஊர் ஆசுபத்திரியில் படுத்தார். ஈரலில் புற்றுநோய். இனி நோவைக் குறைக்கலாம், அவ்வளவுதான் என்றார் வைத்தியர். அண்ணை தலையாட்டினார். நான் வாடகை வான்காரருக்குச் சொல்லிவிட்டுக் கட்டிலடிக்குப் போனேன்.

“அண்ணை, கொழும்புக்குப் போவம்.”

“ஆருக்காக?”

“உங்களுக்காகத்தான்.”

“விசரா, உனக்கு ஒழுங்காப் பொய் சொல்லவும் தெரியாது.” போர்வையை விலக்கினார். “சரி, வாறன். நீ பிறகு சனத்துக்கு முகம் குடுக்க வேணுமே.”

வார்டுத் தாதி என்னைத் தனியே கூப்பிட்டார். “வான் குலுக்கத்திலை ஐயாவுக்குச் சரியா நோகும். யோசிச்சுச் செய்யுங்கோ.” நான் யோசிக்கவில்லை.

வான் புறப்பட்டு ஒரு மணி நேரத்தில், ஆனையிறவு தாண்டுமுன்னரே அண்ணை முனகத் தொடங்கினார். மூன்றாம் நாள், கொழும்பு ஆசுபத்திரியில் என்னை உள்ளே விடாத ஓர் அறையில் போய்விட்டார்.

செத்தவீட்டில் எல்லோரும் கேட்டார்கள். கொழும்புக்குக் கொண்டுபோனனாங்கள் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அண்ணை எழுதியது சரி.

அழுகை இன்னும் வரவில்லை. வரும் என்கிறார்கள், நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பந்தல் போட்டவர்கள், சமைத்தவர்கள், தூர தேசங்களிலிருந்து அழைத்துக் கதைத்தவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தத் தாதிக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. இரண்டு தரம் ஆசுபத்திரி வாசல் வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். அந்தப் பக்கம் போகிறவர்கள் இந்த மலரின் ஒரு பிரதியை அவரிடம் கொடுத்துவிட்டால் பேருதவி. நான் ஏன் வரவில்லை என்று கேட்டால், தம்பியாருக்கு நேரமில்லை என்று சொல்லுங்கள். அவர் நம்பமாட்டார்.