எட்டாம் பாகத்தைக் கேளாமல் போன சீனி

சீனி, உன்னுடைய சாவை எனக்குச் சொன்னவர் ஒரு மீன் வியாபாரி. முருங்கன் ஸ்டேஷனில் மன்னார்க் கோச்சிக்காக நின்றுகொண்டிருந்தேன். உன் பக்கத்திலிருந்து வந்த கோச்சியிலிருந்து அவர் இறங்கினார். என்னைக் கண்டதும் தலையில் இருந்த கூடையை நிலத்தில் வைத்தார். விற்கப் போகிற மனுசன் வழியில் கூடையை இறக்கமாட்டான். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

“நீங்கள் இன்னும் போகேல்லையோ பிள்ளை? சீனி நேற்றுப் பின்னேரம் போயிட்டா,” என்றார்.

என் கையில் நீ கேட்ட கதையின் எட்டாம் பாகம் இருந்தது.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு வந்திருக்கிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். சீனி என் புருஷனுடைய தங்கை, எனக்கு மச்சாள். ஞானஸ்நானப் பெயர் பிலோமினா. சீனி என்று வீட்டில் கூப்பிட்டார்கள். வாயில் மட்டும் ஒருநாளும் சீனி இருந்ததில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் இருந்தால் பொறுக்க வேண்டாம். அது பிழையாக விழுந்ததல்ல.

மீன்வாடியில் நாங்கள் பத்துப் பேர் கட்டாவும் பாரையும் வெட்டி உப்புப் போடுவோம். எங்களுக்குள் சீனிக்குத்தான் தடங்காமல் வாசிக்க வரும். அதனால் அவளுடைய பங்கு மீனை நாங்கள் வெட்டுவோம், அவள் கை கழுவிவிட்டுக் கதை வாசிப்பாள். அக்கரை இந்தியாவிலிருந்து கப்பலில் வரும் கதைப்புத்தகங்கள். பறக்கும் கம்பளம், பேசும் மலை, பெட்டிக்குள் பூதம். முருங்கனில் என் அக்காவின் புருஷன் தபாலில் எடுப்பார். அவர் வாசித்து முடித்தபின் எங்களுக்கு வரும்.

சீனி வாசிக்கிறது பாதி, ஏசுகிறது பாதி. கதாநாயகனைப் பாழுங்கிணற்றில் தள்ளிவிட்டு, ஏற்ற வழி தெரியாமல் ஆசிரியர் ஒரு முனிவரை இறக்குவார். உடனே புத்தகத்தை மூடிவிடுவாள்.

“இந்த முனிவர் இவ்வளவு நேரமும் எங்க இருந்தவர்? கிணத்துக்கட்டில வெத்திலை போட்டுக்கொண்டிருந்தவரோ?”

“வாசி பிள்ளை, கதைதானே,” என்பார் சீனியின் தாய், என் மாமி.

“கதையெண்டால் வாயில வந்ததைச் சொல்லலாமோ? பழுதான மீனுக்குத்தான் உப்பைக் கூடப் போடுறது, அம்மா. இந்தாளும் கதை நாறுற இடத்திலதான் மந்திரத்தைப் போடுறார்.”

வாடி முழுக்கச் சிரிக்கும். வாடிச் சொந்தக்காரர் சம்மாட்டியார் எட்டிப் பார்ப்பார். மற்றப் பெண்கள் உப்பை அள்ளுவதுபோலக் குனிவார்கள். சீனி குனியமாட்டாள்.

பிறகு எட்டுப் பாகமாக அந்த மோதிரக் கதை வந்தது. ஒரு வணிகனுக்கு ஒரு மாய மோதிரம் கிடைக்கிறது. அது மூன்று தரம் மட்டும் கேட்டதைச் செய்யும். இது முதலாம் பாகத்தின் முதலாம் பக்கத்திலேயே இருக்கிறது. மூன்று என்றதும் சீனி எழும்பிப் போய் வலை நூலில் ஒரு துண்டு அறுத்துக்கொண்டு வந்தாள். மோதிரம் ஒரு வேலை செய்தால் நூலில் ஒரு முடிச்சு. இரண்டாம் பாகத்தில் ஒன்று விழுந்தது. நாலாம் பாகத்தில் ஒன்று. ஐந்தாம் பாகத்தில் ஆசிரியர், “முதன்முறையாக மோதிரத்தை வேண்டினான்” என்று எழுதினார். சீனி மூன்றாம் முடிச்சைப் போட்டு, அந்த நூலை எங்கள் எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள். நாங்கள் அரிவாளை வைத்துவிட்டோம். பத்துப் பேரும் முடிச்சுக்குச் சாட்சி.

அன்றைக்கே தபால் அட்டை வாங்கி அக்கரைக்கு எழுதினாள். ‘ஐயா, இது மூன்றாவது. உங்களுக்கு மறந்துபோய்விட்டது. இனி மோதிரம் வேலை செய்யக்கூடாது’ என்று மரியாதையாகத்தான் எழுதினாள். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. மந்திரக் கதையில் பெண்கள் கணக்குப் பார்க்கலாகாதாம்; அனுபவிக்க வேண்டுமாம்.

அந்தப் பதில் அட்டையை உப்புப் பீப்பாவில் ஆணியால் அறைந்தாள். “மந்திரத்துக்குத்தான் கணக்கு வேணும். கடலுக்குக் கணக்கில்லையெண்டு எங்களுக்குத் தெரியும். கதையிலயாவது சொன்ன சொல்லு நிக்கக் கூடாதோ?” என்றாள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அவளுக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று தெரியாதவர்கள் இங்கே இருக்கமாட்டீர்கள். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நானும் குற்றவாளி. அதற்கு முந்தியே அவளுடைய புருஷன் சோளகப் பெருங்காற்றில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. நாங்கள் எல்லோரும் போய்ச் சொன்னோம். தீவில் ஒதுங்கியிருப்பார் என்றோம். அந்தோனியார் கொண்டுவந்து விடுவார் என்றோம். அக்கரை வள்ளம் ஏற்றியிருக்கும் என்று நான்தான் சொன்னேன், கண்டவள்போல. நாலாம் நாள் முள்ளிக்குளத்தில் கரையொதுங்கினார். அடக்கம் முடிந்து எட்டாம் நாள் சீனி வாடிக்கு வந்து மீன் வெட்ட உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “நாலு நாளும் எனக்கு எல்லாரும் கதை சொன்னனீங்கள், என்ன மச்சாள்?”

ஏழாம் பாகத்தில் வணிகனுடைய மனைவியைப் பாம்பு கடித்தது. அவன் மோதிரத்தைத் தேய்க்கிறான். அது சும்மா கிடக்கிறது. மூன்றும் முடிந்துவிட்டது. அவள் செத்துப்போகிறாள். அந்தப் பக்கத்தைச் சீனி இரண்டு தரம் வாசித்தாள். கண்ணைத் துடைத்துவிட்டு, “இந்தாள் இப்பதான் ஒரு நேர்மையான வேலை செய்திருக்கிறார்,” என்றாள். பீப்பாவில் இருந்த அட்டையையும் கழற்றினாள். அவ்வளவு சந்தோசம்.

பிறகு காய்ச்சல் வந்தது. கொயினா மருந்து கொடுத்தோம், ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். எட்டாம் பாகம் முருங்கனுக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும், போய் எடுத்து வாருங்கோ என்று என்னை நெருக்கினாள். நான் வாசலில் இறங்கும்போது கூப்பிட்டாள்.

“மச்சாள், முதல் நீங்கள் வாசிச்சுப் பாருங்கோ. அந்தச் செத்தவளை எழுப்பியிருந்தாரெண்டால் அதை என்னட்டைக் கொண்டுவராதேங்கோ.”

நான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள். இரண்டு நாள் பிடித்தது. கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் ஒரு முனிவர் ஆலமரத்தடியில் இருந்து வருகிறார். மோதிரத்தின் முதல் வேலை கணக்கில் சேராதாம், ஏனென்றால் அப்போது வணிகன் அதை இடக்கையில் போட்டிருந்தானாம். ஆகவே இன்னும் ஒன்று மிச்சமாம். அவள் தூங்கி எழும்புகிறவள்போல எழும்பி, “எவ்வளவு நேரம் உறங்கினேன்?” என்று கேட்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். முற்றும்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. கதை எழுதின ஐயா, நீங்கள் பிணத்தைக் கண்டதில்லையா? எட்டு நாள் கழித்து மீன் வெட்டப் போனவளின் கண்ணீரை வாங்கிவிட்டு, இடக்கை வலக்கை என்று கதை விடுகிறீர்களே! அந்தப் புத்தகத்தை என் அக்காவின் அடுப்பில் போட்டிருப்பேன், ஆனால் அது அத்தானுடையது.

அன்றைக்கே நான் கோச்சி ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. இதைக் கொண்டுபோய் அவளிடம் எப்படிக் கொடுப்பது? வெறுங்கையோடு போனாலும் முகத்தைப் பார்த்தே அறிந்துவிடுவாள். ஒரு நாள் தங்கி வேறு முடிவு ஒன்றை யோசித்தேன். வணிகன் அவளை அடக்கம் செய்கிறான். எட்டாம் நாள் போய்த் தன் கடைக் கதவைத் திறக்கிறான். அவ்வளவுதான். முனிவர் இல்லை. இதைப் புத்தகத்தில் இருந்ததுபோல வாசிக்க வேண்டும் என்று நெல் தூற்றிக்கொண்டே பத்துத் தரம் சொல்லிப் பழகினேன். அந்தப் பின்னேரந்தான் அவள் போனாள். அவளுக்குப் பொய் ஆகாது என்று தெரிந்த நானே, ஒரு பொய்யை நேர்த்தியாக்குவதற்காக அவளைக் காக்க வைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மாமி என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு சொன்னார்: “நேற்று மத்தியானம் உன்னைக் கேட்டவள் பிள்ளை. பிறகு, ‘மச்சாளை அவசரப்பட வேண்டாமெண்டு சொல்லுங்கோ, கதையை நானே முடிச்சிட்டன்’ எண்டு சொல்லிச் சிரிச்சவள்.”

“எப்படி முடிச்சவளாம் மாமி?”

“அதை ஆர் கேட்டது? காய்ச்சல் பேச்செண்டு விட்டிட்டன்.”

மூன்று முடிச்சு விழுந்த அந்த நூல் அவளுடைய தலையணைக்குக் கீழே கிடந்தது. அதை நான் எடுத்து வைத்திருக்கிறேன். அவளுடைய கோபத்தையும் எடுத்துக்கொண்டேன். இனி வாடியில் நான் வாசிப்பேன், தடங்கித் தடங்கியாவது. பொய் வந்தால் மூடுவேன்.

ஆனால் சீனி, அன்று மத்தியானம் சிரித்துக்கொண்டு படுத்திருந்தாயே, பாம்பு கடித்த அந்தப் பெண்ணைச் செத்தபடியே விட்டாயா? இல்லை, ஒருத்தரும் பார்க்காத நேரத்தில், நீயும் அவளை எழுப்பிவிட்டாயா?