ஐம்பத்தைந்து நிமிஷ விமானமும் ஏழு மணி ரயிலும்

பிலோமின்ராஜ் திருச்சி பஸ் ஸ்டாண்டில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊர் எத்தனை கிலோமீட்டர், பஸ் எப்போது போய்ச் சேரும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தாம்பரத்தில் இருக்கும் மகள் ஷெர்லின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் முதன்முதலாக விமான டிக்கெட் போட்டுக் கொடுத்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆகாய வழியில சென்னை முந்நூறு கிலோமீட்டர்தான். அம்பத்தஞ்சே நிமிஷம்!" என்று ஸ்ரீரங்கத்தில் தங்கள் தெருவுக்குக் காய் விற்க வரும் வீரம்மாளைக்கூட நிறுத்தி வைத்துச் சொன்னார்.

கேட்டுக் கேட்டு மனைவி வியாகுலம்மாளுக்குக் காது புளித்துவிட்டது. "என் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணுங்க. நான் ரயில்ல வரேன். யார் முதல்ல ஷெர்லின் வீட்டு பெல்லை அடிக்கிறதுன்னு பார்த்துடலாம்."

அன்று காலை ஏழு மணிக்கு ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் மனைவியை ரயிலேற்றிவிட்டு, சாவகாசமாக இட்லி சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்தார். காவிரிப் பாலத்திலேயே நெரிசல். விமான நிலையத்தில் வரிசைக்கு மேல் வரிசை. ஒன்றில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள். வேட்டி நழுவாமல் ஒரு கையால் பிடித்தபடி கடந்தார். பத்து மணி விமானம் முக்கால் மணி நேரம் தாமதம். பறந்தது என்னவோ நாற்பத்தெட்டே நிமிஷம். ஆனால் சென்னையில் இறங்கிப் பன்னிரண்டு மணியாகியும் பெட்டி வரவில்லை.

ரயில் இந்நேரம் தாம்பரத்தை நெருங்கியிருக்கும். மனைவிக்கு போன் போட்டார்.

"நான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். நீ எங்க இருக்க?"

"அப்படியா? ஷெர்லின்கிட்ட போனைக் குடுங்க."

போனைக் கையால் பொத்தினார். பெட்டிக்காகப் பக்கத்தில் காத்திருந்த பெண்ணிடம் தன் மகளாகப் பேசச் சொல்லிக் கும்பிட்டுக் கெஞ்சினார். லின்சி என்ற அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை வாங்கினாள். "அம்மா, அப்பா வந்துட்டாரும்மா."

"குரல் என்னம்மா இப்படி இருக்கு?"

"சளிம்மா."

"ஓ! இங்க என் பக்கத்துல ஒரு ஷெர்லின் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்காளே. அடுப்புல ரசம் கொதிக்குது. அப்பாவை மெதுவாவே வரச் சொல்லும்மா."

பிலோமின்ராஜின் முகம் தொங்கிப்போனது. தோற்றது தோற்றாயிற்று, இனி ஓடி என்ன ஆகப்போகிறது? பெட்டி வந்ததும் லின்சிக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து, தானும் ஒன்று குடித்து, நின்று நிதானமாக டாக்சி ஏறினார்.

மகள் வீட்டு வாசலில் இறங்கினால், முன்னால் ஒரு ஆட்டோ நிற்கிறது. கையில் பையோடு வியாகுலம்மாள் அதிலிருந்து குதிக்காத குறையாக இறங்கி, ஓடிப்போய் பெல்லை அழுத்தினார்.

"ரசம் கொதிக்குதுன்னியேடி!"

"ரயில் செங்கல்பட்டுல சிக்னலுக்கு நின்னு உசிரை வாங்கிடுச்சுங்க. நீங்க ஒரு ஷெர்லினைப் பிடிச்சீங்க, நான் ஒரு ரசத்தைப் பிடிச்சேன்."

கதவைத் திறந்த ஷெர்லினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.