உதட்டுக் கட்டிக்கு என்ன பேர்?

“வெறுமனே ‘ரத்தக்கட்டி’ன்னு எழுதி அனுப்பினா நான் என்ன ஜோசியமா பாக்கிறது?” என்று டாக்டரம்மா ஃபோனில் யாரோ ஒரு வார்டு டாக்டரை வறுத்தெடுக்கிறார். கண் மட்டும் மைக்ரோஸ்கோப்பை விட்டு அகலவில்லை. சதைத் துணுக்குகளை ஊறவைக்கும் ஃபார்மலின் நெடி மண்டைக்கேறும் அந்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்தும் அவருக்குத் தும்மல் ஓயவில்லை. வாயும்தான்.

பேர் விஷயத்தில் அவர் உடும்புப்பிடி. பிறந்து சில வாரம் கழித்து முளைத்து, மளமளவென்று வளர்ந்து, பிறகு தானே வற்றிப்போகும் கட்டி ஒரு ரகம். கருவிலேயே ரத்தக்குழாய் கோணலாக அமைந்து, குழந்தையோடு கூடவே வளர்ந்து, தானாகப் போகவே போகாத கோளாறு வேறு ரகம். அதிலும் சிரையா, தமனியா, நிணநீர்க் குழாயா என்று குடைந்தெடுப்பார். “பேர மாத்தி எழுதினா பச்சப்புள்ளைக்குத் தேவையில்லாம கத்தி” என்பது ஜூனியர்கள் தினமும் கேட்கும் பாட்டு.

அப்பேர்ப்பட்டவரே போன வியாழக்கிழமை சறுக்கினார். பதினொரு மாதக் குழந்தை, உதட்டில் கட்டி; அதிலிருந்து கிள்ளியெடுத்த துணுக்கு சோதனைக்கு வந்திருந்தது. ‘பிறவியிலிருந்தே உள்ளது’ என்று படிவத்தில் இருந்ததை நம்பி, ‘சிரைக் கோளாறு’ என்று முன்னமே கையெழுத்துப் போட்டிருந்தார். அன்று மத்தியானம் ஆபரேஷன். அதற்காகப் பால் கொடுக்காமல் வைத்திருந்த குழந்தை வராந்தாவில் கத்திய கத்தலில் எரிச்சலோடு எட்டிப்பார்த்தவர், பழக்கதோஷத்தில் கேட்டுவைத்தார்: “பொறந்தப்பவே இருந்துச்சா?”

“இல்லீங்க டாக்டர். பதினஞ்சு நாள் கழிச்சு சின்னதா ஒரு செவப்புப் புள்ளி வந்துச்சு. இங்க பாருங்க” என்று தாய் மொபைலை நீட்டினாள். பிறந்த அன்று எடுத்த படத்தில் உதடு சுத்தமாக இருந்தது.

டாக்டரம்மா நேரே ஆபரேஷன் தியேட்டருக்கு விரைந்தார். சர்ஜனைப் பிடித்து, “மூணு மணி நேரம் கத்தியத் தொடாதீங்க. தப்பு என்னுது” என்றார். மிச்சமிருந்த சதைத் துணுக்குக்கு வேறொரு சாயம் ஏற்றச் சொன்னார். தானே வற்றும் ரகமென்றால் அதன் குழாய்ச் சுவர் பழுப்பாகும், கோளாறென்றால் ஆகாது. வெளியே அழுகை அடங்குவதாக இல்லை. இவரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

பழுப்பு. வட்டம் வட்டமாக, பளிச்சென்று பழுப்பு!

“அப்பாடா!” பழைய ரிப்போர்ட்டின் குறுக்கே தன் கையாலேயே கோடு போட்டார். “அப்ப கட்டி வத்துறதுக்கு சிரப்பே போதும், ஆபரேஷன் வேணாம்” என்று ஃபோனில் சர்ஜன் சொல்லி முடிக்கும் முன்பே வராந்தாவுக்கு ஓடினார். தாய் பதறி எழுந்தாள். விளக்கம் சொல்ல வாயெடுத்தவருக்கு, அத்தனை பேர்களில் ஒன்றுகூட நாக்கில் வரவில்லை.

“ஆபரேஷன் இல்ல. மொதல்ல புள்ளைக்குப் பால் குடும்மா.”

தன் அறை நாற்காலியில் அவளை உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, யாரும் உள்ளே போகாதபடி வாசலில் நின்றுகொண்டார்.